கூப்பிடும் முன்னே கிளம்ப: சபையில் முதல் அடி எடுத்து வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஆண்டவருக்காக ஏதாவது செய்யணும்னு ஆசையா இருக்குங்கண்ணா, எங்கே ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை." ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது இப்படி யாராவது வந்து கேட்பார்கள். சேலத்தில் எங்கள் சபையின் ஆஸ்பத்திரி சந்திப்பு, வீடு சந்திப்பு வேலைகளைப் பதினோரு வருடமாகச் செய்துவருகிறேன். ஏற்காட்டு எஸ்டேட் குடும்பங்களையும் அதோடு சேர்த்துப் பார்த்துக்கொள்கிறோம். ஆர்வமாக வந்த பலர் சில மாதங்களில் சோர்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு ஆசை குறையவில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டார்கள்.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய இரக்கத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அவன் கையில் என்னென்ன இருந்தன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணெய், திராட்சரசம், ஏற்றிக்கொண்டு போக ஒரு வாகனம், சத்திரக்காரனுக்குக் கொடுக்கப் பணம். இத்தனையும் எரிகோ வழியில் அவனோடு இருந்தன. அடிபட்டவனைப் பார்த்த பிறகு எண்ணெய் தேடி ஊருக்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான். முதலில் பை, அப்புறம் பாதை.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, தோளில் மாட்டும் பழைய பை ஒன்று, போனால் போகட்டும் என்று ஒதுக்கி வைக்க முடிந்த கொஞ்சம் பணம், கூட வர ஒரு ஆள். இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார் (மாற்கு 6:7). துக்க வீட்டில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அடுப்படியில் என்ன குறைகிறது என்று பார்க்கலாம். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆண்கள் தனியே போகாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு உதவும்.

முக்கியமாக, வீட்டில் சம்மதம் வாங்குங்கள். ராத்திரி பத்து மணிக்கு போன் வந்தால் நீங்கள் கிளம்புவீர்கள் என்பது மனைவிக்கோ கணவருக்கோ முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். சொந்த வீட்டில் சண்டை போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனால் அது நிற்காது.

1. காலை நேரத்தை முதலில் கட்டிப்போடுங்கள்

பத்து கன்னிகைகள் உவமையில் (மத்தேயு 25) பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மணவாளன் வரத் தாமதமானபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும்தான். அவர்களிடம் பாத்திரத்தில் எண்ணெய் இருந்தது, மற்ற ஐந்து பேரிடம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த எண்ணெயை அந்த நேரத்தில் கடன் வாங்கவும் முடியவில்லை.

ஜெபமும் வேத தியானமும் அப்படிப்பட்ட எண்ணெய். சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவசரமாக நிரப்பிக்கொள்ள முடியாது. ஆகவே தினமும் காலையில் இருபது நிமிடம். சுவிசேஷத்தில் ஒரு பகுதி, ஒரு சங்கீதம், அப்புறம் நோட்டில் எழுதியிருக்கும் பெயர்களில் ஒன்றைச் சொல்லி ஜெபம். இருபது நிமிடம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் வாரமே இரண்டு மணி நேரம் என்று தீர்மானம் எடுப்பவர்கள் மூன்றாம் வாரத்தில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

போனை வேறு அறையில் வையுங்கள். வேதாகமத்தை முந்தின ராத்திரியே மேஜையில் எடுத்து வைத்துவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் காலையில் எழுந்து தேட ஆரம்பித்தால் நேரம் போய்விடும்.

2. பையை நிரப்பிக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள்

எங்கள் வீட்டில் முன்கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் காக்கிப் பை ஒன்று தொங்குகிறது. அதில் இருப்பவை: அரை லிட்டர் பிளாஸ்க், இரண்டு சில்வர் டம்ளர், டார்ச், போன் சார்ஜர், சின்ன புதிய ஏற்பாடு, பேனா, துண்டு, சோப்பு, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம், சில்லறை. மலைக்குப் போவதென்றால் ஒரு ஸ்வெட்டர், நாலு பிளாஸ்டிக் கவர், ஒரு எலுமிச்சம்பழம். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே இறக்கிக் கொண்டுவரும் வயதானவர்களுக்குப் பாதி வழியில் வாந்தி வரும். அந்தக் கவரும் எலுமிச்சம்பழமும் இல்லாமல் ஒருமுறை போய்ப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

சில்லறை எதற்கு என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஜெராக்ஸ், டீ, ஆட்டோ எல்லாவற்றுக்கும் சில்லறைதான். நோயாளியோடு வந்தவர் கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று மட்டும் இருக்கும், அதை மாற்ற இடம் தெரியாமல் நிற்பார்.

பையில் வைக்கக் கூடாதவை: மாத்திரைகள். தலைவலி மாத்திரைகூட வேண்டாம். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது. இன்னொன்று, கட்டுக்கட்டாகக் கைப்பிரதிகள், அதாவது சுவிசேஷத் துண்டுப் பிரசுரங்கள். இதைப் பற்றி எட்டாம் படியில் சொல்கிறேன்.

புதியவர்கள் செய்யும் பிழை, தேவை வரும்போது பையைத் தயார்செய்யலாம் என்று விட்டுவிடுவது. தேவை வரும் நேரத்தில் பிளாஸ்க்கின் மூடி காணாமல் போயிருக்கும், டார்ச்சில் பேட்டரி செத்திருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் சரிபாருங்கள்.

3. எண்களைத் தாளில் எழுதுங்கள்

ஆயர் அல்லது பங்குத்தந்தை, சபைச் செயலர், கார் வைத்திருக்கும் இரண்டு பேர், ராத்திரியில் வரச் சம்மதித்த ஒரு ஆட்டோக்காரர், மலையில் ஒரு வீடு, அடிவாரத்தில் ஒரு வீடு. ஆம்புலன்ஸுக்கு 108. இவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். போன் சார்ஜ் தீரும், மலையில் பல இடங்களில் சிக்னலும் இருக்காது. எண் தாளில் இருந்தால் யாருடைய போனை வாங்கியும் பேசிவிடலாம்.

இரத்தம் கொடுக்க முன்வருகிறவர்கள் பட்டியல் தனியாக இருக்கட்டும். பெயர், குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி. தேதி ஏன்? ஒருமுறை கொடுத்த பிறகு ஆண்கள் 3 மாதமும் பெண்கள் 4 மாதமும் இடைவெளி விட வேண்டும். தேதி எழுதாத பட்டியலை வைத்துக்கொண்டு பத்துப் பேருக்கு போன் போட்டு, பத்துப் பேரும் "போன மாசம்தாங்க கொடுத்தேன்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

மலையில் ஒரு வீடு, அடிவாரத்தில் ஒரு வீடு என்று சொன்னேனே, அதைத் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் நாளாகும். அவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள். "ராத்திரி ஏதாவது அவசரம்னா உங்களுக்கு போன் போடலாமுங்களா?" என்று கேட்டு, அவர்கள் வாயால் சரி என்று சொன்ன பிறகே எழுதுங்கள்.

4. செய்யும் முன் சுற்றிப் பாருங்கள்

என் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் குளிருக்கு எஸ்டேட் லைன் வீடுகளுக்கு (தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீடுகள்) கம்பளி கொடுக்கலாம் என்று வாலிபர்களைச் சேர்த்துப் பணம் திரட்டி, வேன் பிடித்து மேலே போனோம். போன வாரம்தான் வேறொரு குழு வந்து கம்பளி கொடுத்துவிட்டுப் போயிருந்தது. எங்களையும் மரியாதையாக வரவேற்று வாங்கிக்கொண்டார்கள். திரும்பும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "தண்ணிக் குழாய் உடைஞ்சு ஒரு மாசம் ஆச்சு சாமி, அதை யாருகிட்டச் சொல்றது?" என்று கேட்டார். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. நாளெல்லாம் சரிவில் நின்று பறித்துவிட்டு வரும் பெண்கள், இருட்டிய பிறகு குடத்தோடு கீழே ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பளிக்குச் செலவான பணத்தில் கொஞ்சம் இருந்திருந்தால் அந்தக் குழாயைச் சரிசெய்திருக்கலாம். ஒருமுறை முன்னாலேயே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பெர்சிய ராஜாவிடம் வேலை பார்த்த நெகேமியா, அவரிடம் அனுமதி வாங்கி எருசலேமின் அலங்கத்தை (நகர மதிலை) கட்டப் போனார். போய்ச் சேர்ந்ததும் வேலையை ஆரம்பிக்கவில்லை. மூன்று நாள் இருந்தார். பிறகு ராத்திரியில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு இடிந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார், தன் மனதில் இருந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை (நெகேமியா 2:11-16). அதற்கு அப்புறம்தான் "எழுந்து கட்டுவோம் வாருங்கள்" என்ற அழைப்பு. அந்த அலங்கம் 52 நாளில் முடிந்தது (6:15).

நீங்களும் மூன்று வாரம் பாருங்கள். ஆராதனையில் வழக்கமாக உட்காரும் இடத்தில் யாரைக் காணவில்லை? யார் தனியாக வந்து தனியாகப் போகிறார்கள்? தெருவில் எந்த வீட்டு வாசல் இரண்டு நாளாகக் கோலம் இல்லாமல் இருக்கிறது? சூனேம் ஊர்ப் பெண் எலிசா தீர்க்கதரிசிக்கு அறை கட்டியதும் இப்படித்தான். அவர் அந்த வழியாக அடிக்கடி போய்வருவதைக் கவனித்தாள். பிறகு கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு என்று வழிப்போக்கருக்கு எது தேவையோ அதை மட்டும் வைத்தாள் (2 இராஜாக்கள் 4:8-10). எலிசா வாய் திறந்து கேட்கவே இல்லை.

பார்த்ததை நோட்டில் எழுதுங்கள், சபையில் பேசாதீர்கள். "ஜெபத்துக்காகச் சொல்றேன்" என்று ஆரம்பித்து அடுத்த வீட்டு விஷயம் ஊர் முழுக்கப் பரவுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒருமுறை அப்படி நடந்தால் அந்த வீட்டுக் கதவு பிறகு திறக்காது.

5. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் பக்கத்தில்

நெகேமியா மூன்றாம் அதிகாரம் பெயர்ப் பட்டியலாக இருப்பதால் பலர் தாண்டிவிடுகிறார்கள். அங்கே பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள் என்று திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் இருந்தால் தினமும் போக முடியும், விட்டுப்போனால் கண்ணில் உறுத்தும்.

சேலம் அஸ்தம்பட்டியில் இருப்பவர் முதல் வேலையாக ஏற்காட்டு மலையில் இருக்கும் நாகலூர் வரைக்கும் போக வேண்டியதில்லை. தெருமுனையில் கண் தெரியாமல் இருக்கும் தாத்தாவுக்கு வாரத்துக்கு ஒருமுறை வேதம் வாசித்துக் காட்டுங்கள். ஆறு மாதம் விடாமல் நடந்தால் அடுத்ததைப் பார்க்கலாம்.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்றார் இயேசு (லூக்கா 14:28). மாதத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை ரூபாய் என்று எழுதிப் பாருங்கள். எழுதியதில் பாதியை மட்டும் வாக்குக் கொடுங்கள். அதுவும் "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சொல்லிக் கொடுங்கள் (யாக்கோபு 4:15). நாம் திட்டமிடலாம், நாளை நம் கையில் இல்லை.

6. எதற்கு அனுமதி, எதற்கு வேண்டாம் என்று பிரித்துவையுங்கள்

இந்த இடத்தில் இரண்டு பக்கமும் தடுக்கி விழுகிறார்கள். சிலர் அடுத்த வீட்டுக்கு ரசம் கொண்டுபோகவும் ஆயர் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். சிலர் சபையின் பெயரில் ரசீது அடித்துப் பணம் திரட்டிவிட்டு அப்புறம் ஆயரிடம் சொல்வார்கள்.

சபையின் பெயர், சபையின் பணம், சபையின் இடம், பிரசங்கம், திருவிருந்து இவை வந்தால் கட்டாயம் முன்கூட்டியே கேட்க வேண்டும். சாப்பாடு, துணைக்கு இருத்தல், வண்டி, ஜெபம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இவற்றுக்கு யார் அனுமதியும் வேண்டாம். செய்துவிட்டு ஆயரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரும் போய்ப் பார்க்க வசதியாக இருக்கும்.

"பாரம் வரட்டும், அப்புறம் செய்யலாம்", அதாவது தேவன் உள்ளத்தில் உந்துதல் தரட்டும் என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். காத்திருப்பது உண்மையாகவே சில நேரம் தேவன் கொடுக்கும் வேலைதான். நெகேமியாவும் கிஸ்லே மாதம் தொடங்கி நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நாலு மாதம் உபவாசத்தோடு காத்திருந்தார். ஆனால் ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்று வாய் திறந்ததும், எவ்வளவு காலம் வேண்டும், எந்த அதிகாரிகளுக்குக் கடிதம் வேண்டும், வனக் காவலனிடம் எதற்கெல்லாம் மரம் வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். காத்திருந்த நாலு மாதமும் அவர் மனதில் வேலை நடந்துகொண்டிருந்தது. உங்கள் நோட்டில் இப்படி ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காத்திருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அது தள்ளிப்போடுதல்.

7. போய் நில்லுங்கள், சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

புதியவர்களின் மிகப் பெரிய பிழை ஒரே ஒரு வாக்கியம்: "ஏதாவது வேணும்னா சொல்லுங்க." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கு அது இன்னொரு வேலை. என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்பது என்று தயங்கி, கடைசியில் கேட்காமலே விட்டுவிடுவார். யாக்கோபு சொல்வதைப் பாருங்கள்: "நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சரீரத்துக்கு வேண்டியதைக் கொடுக்காவிட்டால் பிரயோஜனம் என்ன? (யாக்கோபு 2:16).

அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "அக்கா, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு இட்லி கொண்டு வர்றேன். அண்ணனுக்குக் கஞ்சி தனியா வைக்கட்டுங்களா?" என்ன, எப்போது என்று நீங்களே முடிவுசெய்து, சின்னதாக ஒன்றை மட்டும் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று மறுக்கவும் அவருக்கு இடம் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை ராத்திரி. மலையிலிருந்து ஒருவரை நெஞ்சு வலியோடு சேலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். விடிகாலையில் எங்கள் சபை அக்கா ஒருவரும் நானும் போனோம். அவருடைய மனைவி வார்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். ஆதார், குடும்ப அட்டை வைத்த பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அக்கா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மா உடனே குடிக்கவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பாதி குடித்த பிறகுதான் வாய் திறந்தார்: "பசங்க ரெண்டும் மேலே தனியா இருக்குதுங்க."

நாங்கள் பழம் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டு போயிருந்தோம். அவருக்கு வேண்டியது வேறு. நோட்டின் முதல் பக்கத்தில் மலைவீட்டு எண் இருந்தது. கால் மணி நேரத்தில் அந்த வீட்டு அம்மா குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். பகலில் நாங்கள் மாறி மாறி வார்டு வாசலில் இருந்தோம், அவர் குளித்துவிட்டுக் கொஞ்சம் தூங்கினார்.

சாவு வீட்டில் இதைவிட நேரடியான வேலைகள் இருக்கும். நாற்காலி, தண்ணீர்க் கேன், வந்தவர்களுக்கு டீ, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவரிடம் நேரம் சொல்வது, வெளியூர்க்காரர்களை ஜங்ஷனிலிருந்தோ புது பஸ் ஸ்டாண்டிலிருந்தோ கூட்டி வருவது. துக்கத்தில் இருக்கும் வீட்டுக்காரரிடம் போகாமல், அந்தக் குடும்பத்தின் பொறுப்பான ஒருவரைப் பிடித்துக் கேட்டுச் செய்யுங்கள். ஆறுதல் வார்த்தை தோன்றாவிட்டால் பேச வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். "எல்லாம் நன்மைக்கே" என்பதை மட்டும் அந்த வீட்டில் சொல்லாதீர்கள்.

மலைக்குப் போகும் நேரம் பற்றி: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் பாதையில் மண் சரியலாம். கிளம்பும் முன் மேலே இருப்பவரிடம் விசாரித்துவிட்டு, தேவைப்பட்டால் குப்பனூர் வழியாகப் போங்கள். மே மாதம் கோடை விழா நாட்களில் வளைவுகளில் வண்டிகள் நகராது, காலை ஆறு மணிக்கே அடிவாரம் தாண்டிவிடுங்கள். இருட்டிய பிறகு இறங்குவதைத் தவிருங்கள்.

8. கேட்டால் சொல்ல, பதிலை எழுதி வையுங்கள்

சில நாள் போனதும் யாராவது கேட்பார்கள்: "நீங்க ஏங்க எங்களுக்காக இவ்வளவு அலையறீங்க?" அந்த நேரத்தில் தடுமாறி "சும்மாதாங்க" என்று சொல்லிவிட்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு. பேதுரு சொல்வது, நம்மில் இருக்கும் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள் என்று (1 பேதுரு 3:15). கேட்கிறவர்களுக்கு என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கட்டிலில் படுத்திருப்பவர் எழுந்து போக முடியாது. அவர் கேட்காமல் பிரசங்கம் செய்வதும் கைப்பிரதியைத் தலையணைக்கடியில் சொருகுவதும் வணக்கம் ஆகாது. நம் உதவிக்கு விலை கேட்பதுபோல் அவருக்குப் படும்.

இயேசு உங்களுக்கு என்ன செய்தார் என்பதை மூன்று நிமிடத்தில் சொல்லும்படி எழுதுங்கள். "இரட்சிப்பு", "பரிசுத்தமாக்கப்படுதல்" போன்ற சபை வார்த்தைகளை வீட்டுப் பேச்சில் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். கூட வருபவரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். தெரியாத கேள்வி வந்தால், "எனக்கு இது தெரியலைங்க, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லி, கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்ட பிறகே ஜெபியுங்கள், வார்டில் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

9. திரும்பி வந்ததும் செய்ய வேண்டியவை

சமாரியன் மறுநாள் தன் வழியே புறப்பட்டான். போகும்போது இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுத்தான், திரும்பி வரும் வாக்கையும் கொடுத்தான். நம்மில் பலர் ஒரே குடும்பத்தைத் தனியாகச் சுமந்து மூச்சு முட்டுகிறோம், அல்லது ஒரேயடியாக மறந்துவிடுகிறோம்.

அன்று ராத்திரியே நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, என்ன வாக்குக் கொடுத்தேன், அடுத்து யார் எப்போது போகிறார்கள். சாவு வீடாக இருந்தால், பத்தாம் நாளிலும் நாற்பதாம் நாளிலும் ஒரு போன் போட வேண்டும் என்று தேதியோடு குறியுங்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் வீட்டில் தனிமை தெரியும்.

அப்புறம் பையை இறக்குங்கள். பிளாஸ்க்கைச் சுடுதண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், ஈரத்தோடு மூடினால் நாற்றம் வரும். செலவான நோட்டுகளுக்குப் பதில் வேறு நோட்டுகள், தீர்ந்த பொட்டலத்துக்குப் பதில் இன்னொன்று. தூங்கப் போகும் முன் பை திரும்ப ஆணியில் தொங்க வேண்டும்.